நாலு ஃபிலிம் டப்பா

ஃபிலிம் ரோல் டப்பாவை ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? கறுப்பு உடம்பு, சாம்பல் நிற மூடி, திறந்தால் 'டப்' என்று ஒரு சத்தம், மூக்கருகே வைத்தால் புளித்த மாதிரி ஒரு மருந்து வாடை. நம் வயசுக்காரர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். நம் பிள்ளைகளிடம் என்றால் ஃபிலிம் என்பது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாமல்லபுரத்தில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய சொத்து. வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் நின்று ரோல் மாற்றிவிட்டு டப்பாவை மணலில் போட்டுவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தங்கையும் பொறுக்கக் கிளம்பிவிடுவோம். அவள் அதில் சோழி போட்டு வைப்பாள். நான் ஊக்கு, பாசிமணி, உடைந்த வளையல் என்று எதையாவது அடைத்து வைப்பேன்.

என்னிடம் பதினேழு டப்பா இருந்தது. அதில் நாலு என்னவாயிற்று என்பதைத்தான் சொல்ல வந்தேன். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. நாற்பதைத் தாண்டி, காலையில் எழுந்ததும் சர்க்கரை மாத்திரையைத் தேடுகிற ஆளாகிவிட்டேன். இனியும் உள்ளே வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். நைனா குப்பத்திலிருந்து முதல் ஆளாகக் கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறியவர். ஒர்க்‌ஷாப்பில் ஹெல்பர் வேலை. தேய்த்த சட்டை, பையில் பிளாஸ்டிக் உறை போட்ட பாஸ், கையில் டிபன் கேரியர் என்று அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் தெருவே கொஞ்சம் நிமிர்ந்து நிற்கும். அம்மா மீன் விற்கும் வீட்டுப் பெண். ஆடி மாசம் முழுக்க அம்மனுக்கு விரதம் இருப்பாள். வீட்டில் தினமும் மீன், விசேஷத்துக்குக் கோழி. பன்றி என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லக்கூடாது. யாராவது சொன்னால் எழுந்து போய் வாய் கொப்பளித்துவிட்டு வருவாள்.

நைனா கொஞ்சுகிற ஆளில்லை. தலையைத் தடவியதாகக்கூட எனக்கு நினைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அம்மாவை நகரச் சொல்லிவிட்டு, பெரிய அலுமினிய பேசினில் சோற்றைக் கொட்டி, நெத்திலிக் குழம்பை ஊற்றி அவரே பிசைவார். நானும் தங்கையும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டுவோம். ஆளுக்கு ஒரு உருண்டை. மறுபடி ஒரு உருண்டை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாத கை அது. மெஷின் எண்ணெயும் மீனும் சேர்ந்த அந்த வாசனையோடு சாப்பிட்ட சோற்றைப் போல ருசியான எதையும் நான் இன்றுவரை சாப்பிட்டதில்லை. அவர் மேல் இருந்த பிரியம் முழுக்க அந்த உருண்டையில்தான் இருந்தது.

ஒரு சனிக்கிழமை எனக்குச் செருப்பு வாங்கித் தர திருக்கழுக்குன்றம் அழைத்துப் போனார். திரும்பும் வழியில் சைக்கிளைச் சவுக்குத் தோப்பு ஓரமாக நிறுத்தினார். ஓலைக் கொட்டகை. ஒர்க்‌ஷாப் ஆட்கள் நாலைந்து பேர் மந்தார இலையில் கறி வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு டீயும் பொறையும் வாங்கிக் கொடுத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். பெரிய பெரிய துண்டு, ஓரத்தில் வெள்ளையாகக் கொழுப்பு.

“இன்னா கறி நைனா அது?”

“பெரியவங்க துன்ற கறி. அம்மாவாண்ட சொல்லிக்காத, இன்னா?”

எனக்குப் பதினோரு வயசு. நைனாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மாவுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்பதே தலைகால் புரியாத பெருமை. சொல்லவில்லை. இன்னொன்றையும் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துணி துவைக்கிற நாளில் நைனாவின் லுங்கியில் சில சமயம் வெள்ளையாக, தட்டையாக, சுரைக்காய் விதை மாதிரி ஏதோ ஒட்டிக் காய்ந்திருக்கும். “எங்கதான் போய் உக்காந்துட்டு வருதோ இந்த மனுசன்,” என்று அம்மா தண்ணீரை ஊற்றி உதறிவிடுவாள்.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம். தங்கைக்கு எட்டு வயசு, மூன்றாம் வகுப்பு. அவள் நோட்டில் வரிக்கு மேலும் கீழும் பென்சில் ஓடியிருந்தது. வலது கை கட்டைவிரல் தானாகத் துடிக்கிறது என்று சொன்னாளாம். டீச்சர் நம்பவில்லை, விளையாட்டு காட்டுகிறாள் என்று அந்தக் கையிலேயே ஸ்கேலால் இரண்டு போட்டு அனுப்பினார். வீட்டில் அம்மாவும் அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு ஒன்று வைத்தாள். நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அந்தக் கையை எல்லோரும் அடித்தோம்.

சனிக்கிழமை காலை அவள் வாசலில் சோழி எண்ணிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் துடித்தது, பிறகு கை முழுக்க, பிறகு வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. கண் என்னையே பார்த்தது. என்னைத் தெரிகிறது அவளுக்கு, கூப்பிட முடியவில்லை. பிறகு உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அது சிமென்ட் தரையில் மோதி மோதிச் சத்தம் போட்டது. தெருவில் சிலை செதுக்குகிறவர்களின் உளிச் சத்தத்தோடு சேர்ந்து அது இன்னும் எனக்குக் கேட்கிறது. நின்றதும் அவள் தூங்கிப் போனாள்.

பக்கத்து கிளினிக்கில் சூடு என்றார்கள். அம்மா இளநீரும் எலுமிச்சம்பழமுமாகக் கொடுத்தாள். மூன்றாம் தடவை வெட்டு வந்தபோது நைனா லீவு போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். வீட்டில் தனியாக விடக்கூடாது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். ஒல்லி உடம்பு, நரைத்த பின்னல், யாரையும் வைய மாட்டார். தாம்பரத்துக்கு அனுப்பி எடுக்க வைத்த ஸ்கேன் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கடற்கரை டப்பாவிலிருந்து வருவது மாதிரிதான் அதிலும் ஒரு மருந்து வாடை. சாம்பல் நிறத்தில் தங்கையின் மூளை. இடது ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளையம், அதற்குள் மிளகுக்கும் சின்னதாக ஒரு புள்ளி.

“இது நாடாப்புழுவோட குஞ்சு. மூளையில போய் உக்காந்திருக்கு. பயப்படாதீங்க, மருந்து இருக்கு,” என்றார். பிறகு கேட்டார். “வீட்ல யாராவது பன்னிக்கறி சாப்பிடுவீங்களா?”

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இன்னா மேடம் இப்புடிக் கேக்குறீங்கோ? நாங்க அம்மனுக்கு இருக்குறவங்கோ!”

“நாங்க அத்தெல்லாம் தொடறதில்ல மேடம்,” என்றார் நைனா. சொல்லும்போது என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமையாக விளக்கினார். சரியாக வேகாத கறி சாப்பிடுகிறவர் வயிற்றில் அந்தப் புழு வளரும். அவருக்கு ஒரு நோவும் தெரியாது. ஆனால் மலத்தில் முட்டை வந்துகொண்டே இருக்கும், நகத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கை தொட்ட சாப்பாட்டைத் தின்கிற குழந்தைக்கு அது மூளைக்கு ஏறும். கறி தின்றவர் நன்றாக இருப்பார், பக்கத்தில் இருக்கிற பிள்ளை விழும். “அதனால வீட்ல இருக்கிற நாலு பேருமே டெஸ்டுக்குக் குடுங்க. மூடி போட்ட டப்பாவுல கொண்டு வாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.”

மூடி போட்ட டப்பா என்றதும் என் மனசு துள்ளியது. கொடுக்க என்னிடம்தானே இருக்கிறது! நல்லதாக நாலு பொறுக்கிக் கழுவிக் காய வைத்தேன். வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் நைனா, அம்மா, நான், தங்கச்சி என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்ததில் சந்தோஷம்கூட.

மறுநாள் காலை கொல்லைப் பக்கம் நைனா வந்தார். அவர் டப்பா அவர் கையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

“ரெண்டுலயும் உன்னுதையே போட்டுடு.”

“எதுக்கு நைனா?”

“அந்த டெஸ்ட் ரூம்புல நம்ம மச்சான் ஒர்த்தன் வேல செய்யறான். பாத்துட்டான்னா குப்பம் பூரா சொல்லிடுவான். எனுக்கு இன்னா நோவு? நான் கல்லு மாரி கீறேன். புரிதா?”

கறுப்பு டப்பா, உள்ளே என்ன இருக்கிறது, யாருடையது என்று வெளியே தெரியாது. நான் போட்டேன். முதல் தடவையைப் போலவே அதையும் ஒரு ரகசியமாக வாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் காலையில் எனக்குப் பயமே இல்லை.

ரிசல்ட்டில் நாலு பேருக்கும் ஒன்றும் இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது, இன்னும் இரண்டு தடவை கொடுங்கள் என்றார் டாக்டரம்மா. “அதான் இல்லன்னுட்டாங்களே,” என்றார் நைனா. அதோடு சரி.

அப்படியானால் யார்? அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. தினமும் தலையில் கூடையோடு வரும் கீரைக்காரம்மா கிடைத்தார். அவருடைய பாத்திக்குப் பக்கத்துக் குட்டையில் பன்றிகள் புரளும். தங்கை மேல் அவருக்கு ஆசை. கீரைக்கட்டோடு வெள்ளரிப் பிஞ்சு ஒன்றை ஒடித்துக் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அம்மா தெருவில் நின்று கத்தினாள்.

“எம் பொண்ணு மண்டைக்குப் பூச்சி ஏத்திட்டியேடி!”

“நான் இன்னா பண்ணேன் அக்கா? வூட்ல நானுந்தான் இந்தக் கீரயத் துன்றேன், எம் புள்ளைங்களும் துன்னுதுங்கோ,” என்று அவர் கூடையை இறக்காமலே கேட்டார். தெருவே அம்மா பக்கம் நின்றது. மறுநாளிலிருந்து ஒரு வீட்டிலும் அவரிடம் வாங்கவில்லை. ஒரு மாசத்தில் அச்சரப்பாக்கம் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அவர் கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் வாசல் வரை கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு எங்கள் தெருவில் அதன்பின் விழவில்லை.

தங்கையை வார்டில் சேர்த்து மருந்து ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் தலைவலி தாங்காமல் கத்தினாள், வாந்தி எடுத்தாள், மறுபடி வெட்டியது. “மருந்த நிறுத்துங்க, எம் புள்ளயக் கொல்றீங்கோ,” என்று அம்மா டாக்டரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். புழு சாகும்போது அந்த இடம் வீங்கும், அதை அடக்கத்தான் இன்னொரு மாத்திரை கொடுக்கிறேன் என்று டாக்டரம்மா கட்டிலை விட்டு நகராமல் நின்றார். அன்று சாயங்காலம் வரை நின்றார். பிறகு அடங்கியது. ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தபோது அந்த மாத்திரையால் அவள் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. எந்நேரமும் பசி. கண்ணாடியைப் பார்த்துத் தானே சிரிப்பாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்களும் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நைனா சந்தோஷமாகப் பேசினை எடுத்தார். பிசைந்தார். முதல் உருண்டை தங்கைக்கு. இரண்டாவது எனக்கு நீட்டினார். அவர் நகக்கண்ணைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்திருந்தது என்று சொல்ல மாட்டேன். பதினோரு வயசு. ஆனால் கொட்டகையில் தின்ற கறி எது என்று தெரியும். டப்பாவில் இருந்தது யாருடையது என்று தெரியும். இந்த உலகத்தில் இந்த இரண்டும் தெரிந்த பிள்ளை நான் ஒருத்திதான். என் வாய் தானாக மூடிக்கொண்டது.

“வோணாம் நைனா. வயிறு ரொம்பிடுச்சு.”

“ஐ, அப்ப அக்காவோடதும் எனுக்கு!” என்று தங்கை இரண்டு கையையும் நீட்டினாள்.

நான் தடுக்கவில்லை. அதுதான் இத்தனை வருஷமாக என் நெஞ்சில் கிடப்பது. எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அவளுக்கும் கொடுக்காதே என்று சொல்லத் தெரியவில்லை. சொன்னால் நைனா மாட்டிக்கொள்வார், அம்மா அவரை வீட்டுக்குள் விடமாட்டாள், நானும் பொய் சொன்னது தெரிந்துவிடும். அந்தப் பக்கம் இவ்வளவு இருந்தது, இந்தப் பக்கம் ஒரு உருண்டைச் சோறு. பிறகு சமையலறைக்குப் போய்ப் பானையில் இருந்த வெறுஞ்சோற்றை நின்றபடியே தின்றேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கோடை போய், ஆடி வந்து, அதுவும் போனது. ஒவ்வொரு ஞாயிறும் என் பங்கை அவள் சாப்பிட்டாள். நைனா என்னை ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்ததோ என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

புரட்டாசியில் ஒரு நாள் பள்ளிக்கூட மைதானத்தில் அவள் விழுந்தாள். வெட்டு நிற்கவே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல். டூரிஸ்ட்காரர் ஒருவரின் ஜீப்பில் போட்டுச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனபோது உதடு நீலமாகிவிட்டது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் கண் திறந்தவள் எங்களைப் பார்த்து ஒரு சொல்லும் பேசவில்லை. வலது கை துணி மாதிரி கிடந்தது.

டாக்டரம்மா புது ஸ்கேனை அதே ஜன்னலில் தூக்கிப் பிடித்தார்.

“பழைய புள்ளி சுண்டிப் போச்சு. ஆனா புதுசா மூணு வந்திருக்கு.” ஃபிலிமைக் கீழே வைத்தார். “கீரைக்காரம்மா போய் ஆறு மாசம் ஆச்சுன்றீங்க. அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? வெளியில தேடாதீங்க. வீட்டுக்குள்ளதான் யாரோ குடுத்துக்கிட்டே இருக்கீங்க.”

மேஜையில் நாலு டப்பா வைத்தார். இந்தத் தடவை ஆஸ்பத்திரி டப்பா, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவது. நைனா என்னைப் பார்த்தார். சவுக்குத் தோப்பில் பார்த்த அதே பார்வை.

“போன தடவ நைனா டப்பாவுல இருந்தது நைனாவோடது இல்ல. என்னோடது,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னேன். “நைனா பன்னிக்கறி துன்னும்.”

என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா பெஞ்சில் அவர் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து, நகர்ந்து, ஓரத்துக்குப் போய்விட்டாள்.

“ஆமா மேடம்,” என்றார் நைனா கடைசியில். “நான்தான் எம் புள்ளைக்கு ஊட்டினேன்.”

அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் கொல்லைப் பக்கம் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. என்ன வந்தது, எவ்வளவு நீளம் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. அந்தப் பேசினைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் தட்டை அவர் தொட்டதே இல்லை. சாகும்வரை வாசலில் தனியாக உட்கார்ந்து ஸ்பூனால் சாப்பிட்டார். அம்மா ஒரு தடவை அச்சரப்பாக்கம் வரை போய்க் கீரைக்காரம்மாவைத் தேடினாள். பெயர்கூடத் தெரியாமல் போய் யாரைத் தேடுவது? வெறுங்கையோடு திரும்பி வந்து, வாசலில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு வேறொரு டாக்டரிடம் கேட்டேன். நைனாவின் லுங்கியில் ஒட்டியிருந்த அந்த வெள்ளை விதைகள் புழுவின் துண்டுகள்தான் என்றார். அந்த ஞாயிறுகள்தான் காரணம் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, முட்டை உள்ளே போய் வருஷக்கணக்கில் தூங்கிக்கூடக் கிடக்கும் என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

தங்கை என்னோடுதான் இருக்கிறாள். பேச்சு திரும்பி வந்தது, கொஞ்சம் இழுத்து இழுத்து. வலது கை பாதிதான் வந்தது. காலையும் இரவும் மாத்திரை. நிறைய விஷயம் அவளுக்கு மறந்துபோய்விட்டது. ஸ்கேல் அடி, வார்டு, உப்பிய முகம் எதுவும் ஞாபகமில்லை. ஃபிலிம் டப்பாவைப் பற்றிச் சொன்னால் விழிக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் குழம்பு வைத்தேன். இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“அக்கா, நைனா உருண்ட குடுக்கும்ல. நீ ஏன் வோணாம் வோணாம்ன?”

முப்பது வருஷம். என் வாயில் அதே பொய்தான் வந்தது.

“வயிறு ரொம்பிடும்டி எனுக்கு.”

அவள் ஸ்பூனைத் தட்டில் வைத்தாள்.

“இல்லக்கா. நீ அப்பாலிக்கா உள்ள போயி, பானையாண்ட நின்னுகினு வெறுஞ்சோறு துன்னுவ. நான் பாத்துகினு இருந்தேன்.”

சொல்லிவிட்டுத் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தாள்.